நல்லவருக்கும் கோபம் வரும்

ஹாலிவுட்டின் நிரந்தர 'நல்ல பையன்' யார் என்று கேட்டால், பழைய படப் பைத்தியங்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஒட்டடைக்குச்சி உடம்பு, இழுத்து இழுத்துத் தயங்கிப் பேசும் பாணி. 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940) படத்துக்காக ஆஸ்கர் வாங்கியபோது சிலையை அப்பாவுக்கு அனுப்பிவைக்க, அவர் அதைத் தன் ஹார்டுவேர் கடையில் பார்வைக்கு வைத்துவிட்டாராம்!

பிறகு இரண்டாம் உலகப்போர். குண்டுவீச்சு விமானத்தில் 20 தடவை போருக்குப் பறந்துவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம் வந்த படங்களைப் பாருங்கள். அந்த நல்ல முகத்துக்குப் பின்னால் வேறு யாரோ எட்டிப் பார்ப்பது தெரியும். சாம்பிளுக்கு நாலு.

இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப் (1946): 'தேவதை வந்து காப்பாற்றும் கிறிஸ்துமஸ் படம்தானே' என்று ஒதுக்காதீர்கள். 8,000 டாலர் தொலைந்துபோன ராத்திரி, வீட்டுக்கு வந்து பெண்டாட்டி, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறாரே... பணக்கஷ்டம் வந்த வீடு அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். பணத்தை அமுக்கிய பணக்காரருக்குக் கடைசிவரை தண்டனை கிடையாது, கவனித்தீர்களா? ரிலீஸானபோது படம் சுமார்தான். 1974-ல் காபிரைட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட, டி.வி.க்காரர்கள் ஓசியில் போட்டுப் போட்டே அமர காவியம் ஆக்கிவிட்டார்கள். பி.காம். பாடத்தில் இந்த வியாபாரம் எல்லாம் வராது!

ரியர் விண்டோ (1954): ஹிட்ச்காக் படம். கால் உடைந்து வீட்டில் கிடக்கும் போட்டோகிராபர், ஜன்னல் வழியாக எதிர்வீடுகளை வேவு பார்க்கிறார். வேறு யாராவது செய்தால் போலீஸைக் கூப்பிடுவோம். ஸ்டூவர்ட் செய்வதால் நாமும் சேர்ந்து எட்டிப் பார்க்கிறோம். சரியான கூட்டுக் களவாணித்தனம்!

வெர்டிகோ (1958): மறுபடி ஹிட்ச்காக். இறந்துபோன காதலியைப் போலவே இன்னொருத்தியை டிரஸ், தலைமுடி நிறம் உள்பட மாற்றச் சொல்லி நச்சரிக்கிறார். காதல் எந்த இடத்தில் கொடுமையாகிறது என்று புரியும்போது நமக்கே கூசுகிறது. 2012-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை விமரிசகர்களிடம் நடத்திய ஓட்டெடுப்பில் முதலிடம். முதல் பாதி ஆமை வேகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனாடமி ஆஃப் எ மர்டர் (1959): மீன் பிடித்து, பியானோ வாசித்துக்கொண்டு திரியும் சின்ன ஊர் வக்கீல். என்ன சொன்னால் கொலைக் கேஸிலிருந்து தப்பிக்கலாம் என்று கட்சிக்காரருக்கு நாசூக்காக எடுத்துக்கொடுப்பார். ஜெயித்த கட்சிக்காரர் ஃபீஸ் தராமல் கம்பி நீட்டிவிடுகிறார். கோர்ட் படங்களில் என் ஓட்டு இதற்குத்தான்.

இந்த நாலிலும் ஸ்டூவர்ட் வில்லன் இல்லை. ஆனால், கோபம், ஆசை, தந்திரம் எல்லாம் உண்டு. பிறவி நல்லவரைவிட, இதையெல்லாம் வைத்துக்கொண்டு தடுமாறுகிறவரைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

முதலில் 'ரியர் விண்டோ' பாருங்கள், குடும்பத்தோடு. 'வெர்டிகோ' மட்டும் தனியாக!