ஒற்றைச் சொல்லின் அழகு

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறும்போதெல்லாம் மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைத் தேடுவேன். நீண்ட சொற்றொடரை ஒரே ஆங்கிலச் சொல்லாக்கும் 'ஒன் வேர்டு சப்ஸ்டிட்யூஷன்' பகுதி எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

தூக்கத்தில் எழுந்து நடப்பவர் 'சோம்னாம்புலிஸ்ட்'. லத்தீனில் 'சோம்னஸ்' தூக்கம், 'ஆம்புலாரே' நடப்பது. ஆம்புலன்ஸும் இதே வேரில் பிறந்ததுதான். வேரைப் பிடித்தால் சொல் மறக்காது.

இரு கையாலும் ஒன்றுபோல் வேலை செய்பவர் 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்'. நம் அர்ச்சுனனுக்கோ 'சவ்யசாசி' என்றே பெயர். தமிழிலும் இப்படி ஒற்றைச் சொற்கள் உண்டு: நாம் 'முந்தாநாள்' என்று முடிப்பதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு நான்கு சொல் வேண்டும்.

மரங்களைச் சேர்த்துக் கட்டிக் கடலில் செலுத்தும் மிதவைக்கு ஆங்கிலம் நம்மிடமே பெயரைக் கடன் வாங்கியது. மாமல்லபுரக் கரைக்குப் பழக்கமான கட்டுமரம்தான் அங்கே 'காட்டமரான்'. ஒரு சொல்லுக்குள் ஒரு கரையின் வாழ்க்கையே அடங்கிவிடுகிறது.