குற்றவியல் பாடநூலில் நம்ம தெரு

குற்றவியல் இப்போது தமிழ்நாட்டின் பல கலைக் கல்லூரிகளில் பட்டப்படிப்பாக நடக்கிறது. சேரிப் பிள்ளைகள் அதில் சேர்வதற்குக் காரணம் ரகசியம் ஒன்றுமில்லை. எஸ்.ஐ. வேலை. காக்கிச் சட்டை போட்டவனை ஊர்க்காரன் ‘ஏலே’ன்னு கூப்பிட யோசிப்பான், அவ்வளவுதான். இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. தீண்டப்படாதவர்களைப் போலீசிலும் ராணுவத்திலும் சேர்க்க வேண்டும் என்று 1928இல் சைமன் கமிஷனிடம் கேட்டவர் அம்பேத்கர்.

என் அக்கா மகன் இந்தப் படிப்பில் இருக்கிறான். அவனுடைய பாடநூலையும் ஜெராக்ஸ் குறிப்புகளையும் வாங்கி ஒரு வாரம் வாசித்தேன். கவிதையையும் நாவலையும் கட்டுடைக்கிற நாம், பரீட்சைக்காக உருப்போடுகிற இந்தப் பிரதிகளைத் தொடுவதே இல்லை. ஸ்டேஷனில் எழுதுகிற எஃப்.ஐ.ஆருக்கு மொழி இங்கிருந்துதான் போகிறது.

முதலில் லொம்புரோசோ. பிறவிக் குற்றவாளியை நெற்றியிலும் தாடையிலும் கண்டுபிடிக்கலாம் என்று 1876இல் எழுதியவர். இது தள்ளப்பட்ட கொள்கை என்று பாடநூலே சொல்லிவிடுகிறது, சரி. ஆனால் அவர் நூல் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1871இல், இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டதே! அவர் தனி மனிதனின் மண்டையைச் சந்தேகப்பட்டார். இங்கே சாதி முழுக்கச் சந்தேகம், பிறக்கப்போகிற பிள்ளை உட்பட. 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு சாதிவாரியாக மூக்கை அளந்த தர்ஸ்டன், அந்த அளவு வித்தையைப் போலீசாருக்கும் கற்றுக்கொடுத்தார். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இந்தியா முழுக்க 1952இல் சட்டம் ஒழிந்தது. ‘வழக்கமான குற்றவாளி’ என்ற பேரில் வேறு சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கக் கூடாது, சீர்மரபினரை வழக்கமான குற்றவாளி என்று முத்திரை குத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2024 அக்டோபர் 3 வரை ஆகியிருக்கிறது. பாடநூலில் இத்தனைக்கும் ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியின் வினைச்சொற்கள் நிகழ்காலத்தில் இருக்கின்றன! “மாமா, இதுல குறவர்னு பேர் போட்டே இருக்கு. என் பெஞ்சுல ஒரு குறவர் பையன் உக்காந்திருக்கான்” என்றான் மருமகன். வகுப்பில் அந்தப் பத்தியை வாசிக்கச் சொன்னது அந்தப் பையனைத்தானாம்.

என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது ‘பாதிக்கப்பட்டோரியல்’ அத்தியாயம். குற்றம் நடப்பதில் பாதிக்கப்பட்டவனுக்கும் பங்கு உண்டா என்று 1948இல் ஹென்டிக் எழுதினார். 1958இல் வுல்ஃப்கேங், ஃபிலடெல்ஃபியா நகரத்தின் 588 கொலைகளை எடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய கால்வாசியில் செத்தவன்தான் முதலில் கை ஓங்கியவன் என்றார். அவர் சொன்னது கைகலப்பைப் பற்றி. முதல் அடி யாருடையது, அவ்வளவுதான் கணக்கு. ஜெராக்ஸ் குறிப்பில் அது ‘பாதிக்கப்பட்டவரின் தூண்டுதல்’ என்று சுருங்கிக் கிடக்கிறது. முதல் அடி என்கிற நிபந்தனை எங்கேயோ உதிர்ந்துபோச்சு.

சாதிச் சமூகத்தில் தூண்டுதல் என்றால் எது? செருப்புப் போட்டுத் தெருவில் நடப்பது தூண்டுதல். டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கேட்பது தூண்டுதல். மேலவளவில் தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராக நின்று ஜெயித்ததே முருகேசன் செய்த ‘தூண்டுதல்’. 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் மற்ற ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். (ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை அரசு 2019இல் முன்கூட்டியே விடுவித்தது. சீர்திருத்தக் கோட்பாடு என்ற அத்தியாயத்துக்கு நல்ல உதாரணம், பாடநூல் பயன்படுத்திக்கொள்ளவில்லை.) ஃபிலடெல்ஃபியா கோட்பாட்டை அப்படியே கொண்டுவந்து சேரி வாசலில் இறக்கினால் அது சாதி இந்துவின் வாக்குமூலமாக மாறிவிடுகிறது. ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று ஸ்டேஷனில் எழுதுகிறானே, அடி வாங்கினவன் மேலேயே கவுண்டர் கேஸ் போடுகிறானே, அவனுக்கு இப்போது படித்த ஆதாரமும் கிடைத்துவிட்டது.

1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்கே என்று தேடினேன். கடைசி அலகில், வரதட்சணைத் தடுப்புச் சட்டத்துக்குப் பக்கத்தில், இரண்டு மார்க் கேள்வியாக. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிற விதியோ, வேண்டுமென்றே கடமை தவறுகிற அரசு ஊழியருக்குத் தண்டனை தருகிற 4ஆம் பிரிவோ அதில் இல்லை. நாளைக்கு எஸ்.ஐ. ஆகப்போகிறவனுக்கு அவனையே தண்டிக்கக்கூடிய பிரிவைச் சொல்லித் தராத படிப்பு என்ன சட்டப் படிப்பு?

வெள்ளைக்காலர் குற்றம் என்று சதர்லாண்ட் 1939இல் பேசியது நாலு பக்கம் இருக்கிறது. காக்கிக் குற்றம் என்று ஒரு பக்கம் கிடையாது. வாச்சாத்தி மலையாளிப் பழங்குடிகள் மேல் 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஏவிய கொடுமைக்கு 269 அரசு ஊழியர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றவியலுக்கு இதைவிடப் பெரிய பாடம் பக்கத்திலேயே கிடைக்கும்போது, பையன்கள் சிகாகோவையும் ஃபிலடெல்ஃபியாவையும் மனப்பாடம் செய்கிறார்கள்.

மருமகனும் விடுதிப் பையன்கள் நாலு பேரும் இப்போது வாச்சாத்தித் தீர்ப்பை உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஆங்கிலம் அவர்களுக்குத் தடுக்குகிறது. பத்துப் பக்கமாவது தமிழில் ஆக்கித் தரக்கூடிய வழக்கறிஞர் தோழர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். பரீட்சை மாசி மாசம்.