‘நமக்கெல்லாம் வராதுங்க’

நாமக்கல் என்றால் முட்டை, லாரி, பாடி கட்டும் பட்டறை. லாரித் தொழிலை ஒட்டியே எச்.ஐ.வி. பயமும் ஒருகாலத்தில் இந்த மாவட்டத்தின் பெயரில் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பயத்தோடு தினமும் பேசுகிறவர்கள் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்து ஆலோசகர்கள். அவர்களுடைய பேச்சுத் திறமையை யாரும் பெரிதாகப் பாராட்டியதில்லை.

அங்கே வரும் லாரி டிரைவர் கதவோரமாகத்தான் உட்காருவார். கையில் சாவி உருளும். “அதெல்லாம் நமக்கு வராதுங்க மேடம். லோடு ஏத்தணும், சீக்கிரம் விடுங்க.” வேலைக்குப் புதியவர் உடனே விளக்கப் படத்தை விரிப்பார், டிரைவர் இன்னும் இறுகுவார். கைதேர்ந்தவர் படத்தை ஓரம் வைத்துவிட்டு, “சரிங்கண்ணா, எந்த ரூட்டு?” என்பார். கவுகாத்தி என்றால் திரும்பிவர எத்தனை நாள், தூக்கம் எங்கே, சாப்பாடு எங்கே என்று பேச்சு ஓடும். சாவி மேசைக்கு வந்துவிடும். “வீட்டுல தெரிஞ்சா என்னாகுங்க?” என்று அவரே கேட்பார். வராது என்ற வீறாப்புக்குள் இருந்தது இதுதான்.

வாதாடினால் எதிராளி தன் மறுப்புக்கே வக்கீலாகிவிடுவார். குடியை விட முடியாதவர்களை வைத்து அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் இதை எழுதினார். நம் மாமியார்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

வற்புறுத்தவும் வழியில்லை: சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம். பரிசோதனை இலவசம். சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற எண்ணில் கேட்கலாம், அதற்கும் கட்டணமில்லை.