அட்டவணை சொல்லும் வேகம்

இலங்கையின் ஊவாக் காடுகளைத் தோட்டங்கள் முழுதாக விழுங்குமுன் அங்கே யானை வேட்டையாடிய ஆங்கிலேயரில் சாமுவேல் பேக்கரும் ஒருவர். 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்தவர். பிரிஸ்டலின் கிப்ஸ் பட்டறையில் செய்த அவருடைய பெரிய துவக்கின் எடை 21 இறாத்தல். ஒரு வேட்டுக்கு 16 திராம், ஏறத்தாழ 28 கிராம் கரிமருந்து. வாய்வழியே மருந்து கிட்டிக்கும் துவக்கில் ஒவ்வொரு வேட்டும் கையால் நிரப்பியதுதான். குண்டின் வேகத்தை அன்றைய வேட்டைக்காரர் அளக்கவில்லை. மருந்தின் நிறை, குண்டு பாய்ந்த ஆழம் இவற்றைக் கொண்டு மதிப்பிட்டார்கள்.

அளக்காமல் மதிப்பிடும் அந்தப் பழக்கம் ஒழியவில்லை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தோட்டாவைச் சட்டப்படி தாமே நிரப்பிக்கொள்பவர்களில் பலர், வேகத்தைக் கையேட்டு அட்டவணையிலிருந்தோ கணினியிலிருந்தோ எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இதற்கென்று பலம் உண்டு. செலவில்லை. ஒரு வேட்டும் தீராமலே எந்த மருந்து, எந்தக் குண்டு ஏற்றது என்று முன்கூட்டி ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு குறைந்த நிரப்பில் தொடங்க வேண்டும் என்று சொல்வது அதுதான்.

ஆனால் அட்டவணை பிறந்தது வேறொரு குழலில். சோதனைக்கூடக் குழல் பெரும்பாலும் நீளமானது, நுணுக்கமாகக் கடைந்தது. நம் துவக்கின் குழல் நீளம், தேய்மானம், அன்றைய வெப்பம், மருந்தின் தொகுதி எல்லாமே வேகத்தை மாற்றும். வேகத்தில் 10 விழுக்காடு பிசகினால் ஆற்றல் கணக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு பிசகும். கரிமருந்து ஓரளவு பிழை பொறுக்கும். 1884இல் பால் வியேய் உருவாக்கிய புகையில்லா மருந்தின் வழிவந்தவை அப்படியல்ல. சிறிது கூடினாலும் அழுத்தம் பாய்ந்து ஏறும்.

குண்டு தாழ்வதைப் பார்த்து வேகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். போட்டுப் பார்ப்போம். காற்றுத்தடையை விட்டுவிட்டால், வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 100 மீட்டரில் 7.7 செ.மீ. தாழும், 760 மீட்டர் வேகத்தில் 8.5 செ.மீ. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. சாதாரண வேட்டைத் துவக்கு ஒரே குறிக்குச் சுடும் குண்டுகளே அதைவிட அகலமாகச் சிதறும். 400 மீட்டரில் வித்தியாசம் 13 செ.மீ. ஆகும், ஆனால் அந்தத் தூரத்தில் காற்றுத்தடையை விட்டுவிட முடியாது.

அந்தத் தடையின் அளவை உலகுக்குக் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். தொங்கும் கனத்த ஊசலில் குண்டைச் சுட்டு, அது எவ்வளவு ஆடியது என்பதை நாடாவால் அளந்து, மோதிய வேகத்தைக் கணக்கிட்டார். 1742இல் அதை நூலாக வெளியிட்டார். பீரங்கிக்காரர்கள் பொருட்படுத்தாத காற்று, வேகமான குண்டை மிகக் கடுமையாகத் தடுக்கிறது என்று அந்த ஊசல் காட்டியது. பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்த ராபின்ஸ், 1751இல் நம் கடலுக்கு அக்கரையில், கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார்.

வேகத்தை அளக்கும் கருவியும் குற்றமற்றதல்ல. இன்றைய வேகமானிகளில் ஒரு வகை, இரண்டு ஒளி உணரிகளுக்கு இடையே குண்டு கடக்கும் நேரத்தை அளக்கிறது. 60 செ.மீ. இடைவெளியில் 3 மி.மீ. பிசகினால் வேகம் அரை விழுக்காடு தவறும். மூன்று வேட்டின் சராசரி, வேட்டுக்கு வேட்டு உள்ள ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். கணிப்பு இங்கேயும் உதவும்: மானி காட்டும் எண் கணிப்பைவிட மிக உயர்ந்திருந்தால், ஒன்று கருவி பிழை, அல்லது குழலுக்குள் அழுத்தம் ஆபத்தான அளவில் இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அடுத்த வேட்டைப் போடக்கூடாது.

பொது எண்ணுக்கும் தனி இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை ஊவாவின் மீரியபெத்த தோட்டம் நன்றாக அறியும். மலையகத்தில் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணி நேரத்தில் 75, 100, 150 மி.மீ. என்ற மழை எல்லைகள் உண்டு. அவை தேவையானவை. ஆயினும் ஒரு சரிவின் மண்ணும் நீரோட்டமும் அந்தச் சரிவுக்கே உரியவை. அங்கேயே மழைமானி வைத்து, அது காட்டுவதைக் கேட்டு நடந்தால்தான் எல்லைக்கோட்டால் பயன். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்த மண்சரிவில் மண்ணுக்குள் போன லயங்களை நினைப்பவர்கள் இதை வெறும் தர்க்கமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே கணிப்பைத் தள்ள வேண்டியதில்லை. முதல் வேட்டுவரை அது வழிகாட்டட்டும். அதன்பின் பேச வேண்டியது அந்தக் குழலில் எடுத்த அளவு. அளக்க வழியில்லாதவர் அட்டவணையின் உச்சத்தை நாடாமல், குறைந்த நிரப்பிலேயே நின்றுகொள்வதுதான் பொறுப்பு.