மேளத்துக்குப் பெயர் இல்லை

நாட்டுப்புறக் கலைஞர் ஒருவர் சினிமாவில் பாடிப் பெயர் வாங்கிவிட்டால், அந்தக் கலையே கரையேறிவிட்டதாகக் கொண்டாடுவது இப்போதைய வழக்கம். கொஞ்சம் தயங்கினால் போதும், "திருவிழாவுல ஆடிப் பாடின ஆளு முன்னுக்கு வந்தா உங்களுக்குப் பொறுக்காதா?" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். பாடகர் அந்தோணிதாசன் பேச்சு வரும் இடத்திலெல்லாம் இந்தக் கேள்வியும் வந்துவிடும்.

பொறுக்கும், மகிழ்ச்சிதான். தஞ்சாவூர்ப் பக்கம் ரெட்டிப்பாளையத்தில் நாகசுரக்காரர் வீட்டில் பிறந்தவர். கரகாட்டக் குழுக்களோடு ஊர் ஊராகப் போனவர். தர்புகா சிவாவோடு 'லா பொங்கல்' குழுவில் பாடி, பிறகு 'அந்தோணி இன் பார்ட்டி' என்று தன் பெயரிலேயே இசைக்குழு வைத்தார். அனிருத் இசையில் வந்த 'சொடக்கு' பாட்டை இன்னொரு குரலில் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேளத்துக்கு நடுவே திறந்த வெளியில் கத்திப் பாடிப் பழகிய குரல் அது. பாட்டு வகுப்பில் வராது. அவருக்குக் கிடைத்த காசும் மரியாதையும் இன்னும் முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

என் மறுப்பெல்லாம் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் இடத்தின் மேல்தான்.

கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் முன்னணிப் பாடகர் என்று ஒருவர் கிடையாது. நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம்; இவற்றில் யார் முன்னால் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கரகக்காரம்மா செம்பு தலையில் அசையாமல் பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை எடுக்கப் போகிறார் என்றால், தவில்காரர் கண் அவர் மேலேயே இருக்கும். அடி சுருங்கிச் சுருங்கிக் காத்து நிற்கும். நோட்டோடு நிமிர்ந்த கணத்தில் பம்பை பாய்ந்து வரும். நாகசுரக்காரர் ஒரு சினிமாப் பாட்டைத் தொடங்குவார், பல்லவி முடிவதற்குள் அதை விட்டுவிட்டுத் தவிலோடு வம்புக்குப் போவார். வேகம் ஏறிக்கொண்டே போகும், எங்கே நிற்கும் என்பது வாசிக்கிறவர்களுக்கே தெரியாது. எங்கள் விருத்தாசலம் பக்கத்துத் தெருக்கூத்தும் அப்படித்தான். நடுச்சாமத்துக்கு மேல் வேஷக்காரரின் தொண்டை கட்டிக்கொள்ளும்போது, கூத்தை விடியும்வரை இழுத்துக்கொண்டு போகிறவர் பின்பாட்டுக்காரர்.

அவரை இப்போது நிறுத்தியிருக்கும் ராக் மேடைக்கு வேறு கணக்கு. நடுவில் ஒரு மைக், ஒரு ஆள், அவர் மேல் விளக்கு. பின்னால் டிரம் செட், பேஸ் கிட்டார், கீபோர்டு. பதிவுக்கூடம் என்றால் காதில் கிளிக் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்; முதல் அடியில் என்ன வேகமோ கடைசி அடியிலும் அதே வேகம். தவிலைக் கூப்பிட்டாலும், நான்கு நிமிடப் பாட்டில் இரண்டு இடத்தில் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். யாருக்காகவும் காத்திருக்கத் தெரியாத அந்தத் தாளத்தில் கரகக்காரம்மாவுக்கு என்ன வேலை?

எங்கள் ஊர் பீங்கான் பொம்மைப் பட்டறைகளில், பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, ஓரமாக மண் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால், கையில் வருவது அழகான, உள்ளே ஒன்றுமில்லாத பொம்மை. அதே அச்சில் இன்னொன்று வார்க்கலாம். சினிமா மண்ணிசையை வார்ப்பது இந்த வகையில்தான். குரல் நிற்கிறது, மேளம் வெளியே போகிறது. ஒரு பாட்டு ஓடிவிட்டால் அடுத்த பத்துப் பேரும் அதே கத்தலைத்தான் கேட்கிறார்கள்.

பின்னால் வாசித்தவர் முன்னால் வர இன்னொரு வழியும் நம்மிடம் இருந்தது. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் வாசித்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்தபோது பிடித்தது மைக்கை அல்ல, இசைக்குறிப்பு எழுதும் பேனாவை. எந்தக் கருவி எப்போது பேசும், எப்போது சும்மா இருக்கும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அதில்தான் இருக்கிறது. அந்தோணிதாசனுக்கும் அது கிடைத்தது. பொன்ராம் இயக்கிய 'எம்.ஜி.ஆர். மகன்' (2021) படத்துக்கு இசை அவர்தான். அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களில் எத்தனை பேர் அதைச் சொல்கிறார்கள்? அவர்களுக்கு 'சொடக்கு' போதும்.

முன்னால் வந்தவருக்காவது அந்த இடம் நிலைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அதே 2021இல் 'என்ஜாயி எஞ்சாமி' பாட்டு உலகம் சுற்றியது. ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீ இருந்தார், ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். எஞ்சாமியை எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் கேள்வி கேட்டார்கள். பாட்டு எழுதியவர் கதியே இது என்றால் பம்பைக்காரர் எம்மாத்திரம்?

ஒருவர் மேலே போனால் மற்றவர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள் என்பது சமாதானம். நான் பார்த்தவரை போகவில்லை. நம் திருவிழா நோட்டீசுகளில் பாடகர் படம் கால் பக்கத்துக்கு இருக்கிறது; மேளக்காரர்கள் அத்தனை பேரையும் 'மற்றும் குழுவினர்' என்று முடித்துவிடுகிறோம். விழாக் கமிட்டிக்காரர்களே, அடுத்த நோட்டீசில் தவில், பம்பை, நாகசுரம் வாசிப்பவர்களின் பெயரையும் போடுங்கள். பாடகர் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் மைக்கை அணைத்துவிட்டு அவர்களை வாசிக்க விடுங்கள்.