ஊர் வரலாறும் தோட்ட வரலாறும்

ஊர் வரலாறு என்பது தமிழில் இன்னும் முழு வளர்ச்சி பெறாத ஓர் உரைநடை வகையாகும். ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ (1946) பெயர்களின் வழியே ஊர்களை ஆராய்ந்து நல்வழி காட்டியது. ஆயினும், ஒரே ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு அதன் நிலம், குடி, தொழில், வழிபாடு, இடிபாடு ஆகிய யாவற்றையும் ஆராயும் நூல்கள் நம்மிடையே அரியன. மலேசியத் தமிழில் அவை அரிதினும் அரியன. இக்குறை எத்தகையது என்பதை உணர, இவ்வகை எழுத்து செழித்த இங்கிலாந்தையும் நம் கேமரன் மலையையும் ஒப்பு நோக்குதல் பயன்தரும்.

இங்கிலாந்தின் ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்க வேண்டுமென 1538இல் ஆணை பிறந்தது. அப்பதிவேடுகளே பிற்கால ஊர் வரலாற்றாசிரியர்க்கு அடித்தளமாயின. கில்பர்ட் ஒயிட் என்னும் பாதிரியார், செல்போர்ன் என்ற தம் சிற்றூரின் இயற்கையையும் தொன்மையையும் 1789இல் நூலாக்கினார். எனினும், பழைய ஊர் வரலாறுகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. தேவாலயமும் நிலக்கிழாரின் குலமுறையும் பக்கங்களை நிரப்ப, உழுதவன் ஒதுங்கியே நின்றான். டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1955இல் வெளியிட்ட நூலில் வேலியையும் வரப்பையும் ஒற்றையடிப் பாதையையும் ஆவணமாகவே படித்துக் காட்டினார். யார்க்ஷயரில் குடிகள் நீங்கிப் புல் மூடிக் கிடந்த வாரம் பெர்சி என்னும் ஊரில் அறிஞர்கள் 1990 வரை பல்லாண்டுகள் அகழாய்ந்து, குடியானவரின் வீட்டுத் தடங்களைக் கண்டனர். ஊர் அழிந்தது, அதன் வரலாறு மீண்டது.

இனி, கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளந்தார்; அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. இவை எல்லா வழிகாட்டி நூல்களிலும் உள்ளன. 1967இல் இம்மலையில் காணாமற்போன அமெரிக்கர் ஜிம் தாம்சனைப் பற்றி நூல்களே எழுந்துள்ளன. ஆங்கிலச் சிற்றூர் வீடுகளைப் போலவே கட்டப்பட்ட மாளிகைகளும் இங்குண்டு. ஆங்கிலச் சிற்றூரின் தோற்றம் மலையேறிவிட்டது; ஆனால், தன் ஊரைத் தானே எழுதி வைக்கும் அதன் வழக்கம் ஏறவில்லை. திரிங்காப்பின் காய்கறித் தோட்டங்களைக் கடந்து செல்லும் பயணி தேயிலைச் சரிவுகளின் அழகை வியக்கிறான். அச்சரிவுகளில் காடு வெட்டிக் கன்று நட்டவர் யாவர் என்ற வினா அவனுக்கு எழுவதில்லை.

நம்மவர் எழுத்திலும் இவ்வினாவிற்குப் போதிய விடையில்லை. குடமுழுக்கு மலர்களும் பள்ளி மலர்களும் போற்றத்தக்கவையே. எனினும், தலைவர் படமும் நன்கொடையாளர் பட்டியலும் முன்னிற்க, லயத்தில் வாழ்ந்தோர் பின்தள்ளப்படுகின்றனர். பழைய ஆங்கில நூல்களின் குறை இங்கும் அப்படியே காணப்படுகிறது. புதினம் இவ்விடத்தை ஓரளவு நிரப்புகிறது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் எழுதி, பின்னர் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழான புதினமும், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்னும் புதினமும் இதற்குச் சான்று. துயரை உணரச் செய்வது புதினத்தின் ஆற்றல். ஆனால், இந்தச் சரிவில், இந்த ஆண்டில், இந்தக் குடும்பம் என்று உறுதிப்படுத்துவது வரலாற்றின் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

தோட்ட வரலாறு எழுதுவோர்க்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. பங்குப் பதிவேடு ஒருவர் பிறந்ததையும் மணந்ததையும் மறைந்ததையும் கூறும். கிராணியின் செக்ரோலோ, அவர் வேலைக்கு வந்த நாளையும் பெற வேண்டிய கூலியையும் மட்டுமே கூறும். அது முதலாளியின் தேவைக்காக எழுதப்பட்ட ஏடு. அதில் ஆள் உண்டு, வாழ்வு இல்லை. அவ்வாழ்வைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும், கோயில் கணக்கிலும், கல்லறை எழுத்திலும், முதியோர் நினைவிலும், தோட்டங்களுக்குத் தொழிலாளர் தாமே இட்டு வழங்கிய பெயர்களிலும் தேடுதல் வேண்டும். நினைவு பிழைபடும், ஆகவே, ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும், கூற்றை ஏட்டோடும் ஒப்பிட்டே கொள்ளல் வேண்டும்.

காலமோ காத்திராது. இன்று தேயிலைத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர். தமிழ்க் குடும்பங்களின் இளையோர் பலர் நகரங்களை நாடிச் சென்றுவிட்டனர். புல் மூடிய ஊரை அகழ்ந்து அறியலாம். முதியவரோடு மறையும் நினைவை எந்த மண்வெட்டியாலும் மீட்க இயலாது. தமிழாசிரியர் கட்டுரைப் பாடத்தில் ‘என் ஊர்’ என்று தலைப்பிடும்போது, இயற்கை வருணனையோடு நில்லாமல், பாட்டியிடம் பெயரும் ஆண்டும் இடமும் கேட்டெழுதுமாறு பணிப்பாராயின், மாணவரின் அக்குறிப்பேடே இம்மலைத் தமிழரின் முதற் பதிவேடாகும்.