முன்ஷி அப்துல்லாஹ் கற்ற தமிழ்

கடல் கடந்து வாழும் நம் மக்கள் விடுமுறைக்கு அயனம்பாக்கம் வருகின்றனர். பேரப்பிள்ளைகள் அழகாக ஸலாம் உரைக்கின்றனர். அதன்பின் எல்லாம் ஆங்கிலமே. குற்றம் யாருடையது? இவ்வினாவுடன் முன்ஷி அப்துல்லாஹ்வின் 'ஹிகாயத் அப்துல்லாஹ்' என்னும் தன்வரலாற்றை அணுகினோம்.

1843-ல் எழுதி முடிக்கப்பெற்று, 1849-ல் அச்சேறிய மலாய் நூல் அது. ஆசிரியருடைய பாட்டனாரின் தந்தை யமனிலிருந்து நாகூர் வந்து மணமுடித்த அரபியர். பாட்டனார் மலாக்கா சென்று, ஷைகு மீரா லெப்பையின் மகளார் பெரியாச்சியை மணந்தார். அக்குடும்பத்தில் பிறந்த அப்துல்லாஹ்வைத் தந்தையார் தமிழ் கற்க அனுப்புகிறார். ஏன்? கணக்குப் பார்க்கவும், மலாக்காவில் நிறைந்திருந்த இந்திய வணிகருடன் உரையாடவும் தமிழ் வேண்டியிருந்தது. வசதியுள்ள குடும்பங்களின் வழக்கமும் அதுவே.

பெருமை பேசாது பயனைக் கூறும் இந்நேர்மையே நூலின் சிறப்பு. ஆயின், அப்பயன் நீங்கினால் தமிழ் என்னாகும் என்னும் வினாவை ஆசிரியர் எழுப்பினாரில்லை. தமிழ் கற்ற அவரே தம் வரலாற்றை மலாயில் அன்றோ எழுதினார்!

நம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்கெழுதும் தேவை இல்லை. எஞ்சியிருக்கும் ஒரே தேவை, நம்மோடு பேசுவது. அவர்கள் தொலைபேசியில் அழைக்கையில், அரைகுறை ஆங்கிலத்தில் விடையிறுத்து, அத்தேவையையும் அழிப்பவர் நாமே அல்லவா?